கோட்டோரம் காத்திருப்பவர்

2008-09 பருவத்தில் பார்சிலோனாவின் இடது ஓரத்தில், பக்கக்கோட்டை ஒட்டி நிற்கச் சொல்லப்பட்டவர் சாதாரண ஆள் இல்லை. தியரி ஹென்றி. 1998-ல் உலகக் கோப்பை, 2000-ல் யூரோ கோப்பை, ஆர்சனல் கிளப்பின் வரலாற்றிலேயே அதிக கோல். ஆர்சனலில் அவர் ஸ்ட்ரைக்கர். மனம் போனால் இடப்பக்கம் ஒதுங்குவார், மனம் போனால் நடுவுக்கு வருவார், கேட்பார் இல்லை. பார்சிலோனாவிலோ அந்தக் கோடுதான் அவருடைய இருப்பிடம். பந்து வலது மூலையில் இருந்தாலும் சரி, நடுகளத்தில் சிக்கிக் கிடந்தாலும் சரி, அதைத் தேடி அவர் போகக்கூடாது. பந்து அவரைத் தேடி வரும். வரும்வரை நிற்க வேண்டும்.

ஒருமுறை அவர் நிற்கவில்லை. பிற்காலத்தில் தொலைக்காட்சி நிபுணராக அமர்ந்தபோது ஹென்றியே சிரித்துக்கொண்டு சொன்ன கதை இது. பந்து தன் பக்கம் வராத எரிச்சலில் எதிர்ப்பக்கம், மெஸ்ஸி இருக்கும் பக்கமாகப் போய்ப் பந்தை வாங்கி ஆடினார். பயிற்சியாளர் வெளியே கொதித்துக்கொண்டிருந்தார். அந்த ஆட்டத்தில் ஹென்றி கோலும் போட்டார். இடைவேளையில் அவரை வெளியே எடுத்துவிட்டார்கள்.

எடுத்தவர் பெப் கார்டியோலா. வயது 37. முதல் பிரிவு அணி ஒன்றுக்குப் பயிற்சியாளராக அவருக்கு அதுதான் முதல் பருவம்.

கோல் போட்டவரை வெளியே எடுப்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வீம்பாகத் தெரியும். கார்டியோலாவின் கணக்கு வேறு. களத்தை மூன்று பங்காகப் பிரித்தால், முதல் இரண்டு பங்கில் பந்தைக் கொண்டுவந்து சேர்ப்பது பயிற்சியாளரின் வேலை. அங்கே ஒவ்வொருவரும் சொன்ன இடத்தில் இருந்தே ஆக வேண்டும். கடைசிப் பங்குக்கு வந்துவிட்டால் அது ஆட்டக்காரரின் சொத்து. அவருக்குத் தோன்றியதைச் செய்யலாம். ஹென்றி சொன்ன கதையின் சாரம் இவ்வளவுதான். விதியும் விடுதலையும் ஒரே ஏற்பாட்டுக்குள் இருந்தன. எல்லை எங்கே என்பது மட்டும் தெளிவாக இருந்தது.

தாக்குதல் ஆட்டம் என்றதும் ரசிகர் மனத்தில் எழுவது கட்டற்ற ஓட்டம். ஆனால் அழகாகத் தாக்கும் அணிகளை உற்றுப் பார்த்தால் ஓடுபவரைவிட ஓடாமல் இருப்பவர்தான் கவனத்துக்குரியவர். நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரை யாரும் கவனிப்பதில்லை. அவர் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு இருப்பதால்தான் நாயனக்காரர் ராகத்தில் எங்கு வேண்டுமானாலும் போய்வர முடிகிறது. ஓரத்துக் கோட்டில் நிற்கும் விங்கர் பந்தைத் தொடாமலே எதிரணியின் தற்காப்பாளர் ஒருவரைத் தன்னோடு கட்டிவைத்திருக்கிறார். அவர் விட்டுக்கொடுத்த பந்துகளின் கணக்கை யாரும் எழுதிவைப்பதில்லை. ஒரு தாக்குதல் அணியில் பாத்திரங்கள் தெளிவாக இருக்க வேண்டும் என்று எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்வார்கள். அந்தத் தெளிவின் விலையை யார் கொடுப்பது என்பதைச் சொல்வதில்தான் தயக்கம். கார்டியோலாவின் தொழில்வாழ்க்கையே அந்த விலையைப் பேரம் பேசிய கதை.

அவருக்கு அது முதலில் லாபமாகத்தான் வந்தது. சாந்த்பெதோர் என்ற சிற்றூரிலிருந்து 13 வயதில் பார்சிலோனாவின் லா மாசியா பயிற்சி விடுதிக்கு வந்த பையன். ஒல்லி. வேகம் இல்லை. மோதினால் விழுவான். 1988-ல் யோஹான் குரைஃப் பயிற்சியாளராக வந்தபோது இளையோர் அணியில் அந்தப் பையன் நடுகளத்தின் வலப்பக்கம் ஆடிக்கொண்டிருந்தான். அவனை நடுவுக்கு, தற்காப்பு வரிசைக்குச் சற்று முன்னால் இருக்கும் இடத்துக்கு மாற்றினார் குரைஃப். பார்சிலோனாவில் அந்த இடத்துக்கு ‘நாலாம் நம்பர்’ என்று பெயர்.

நாலாம் நம்பருக்கு வேகமாக ஓடத் தேவையில்லை. பந்து வருவதற்கு முன்பே அடுத்து அது எங்கே போகும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஒன்று அல்லது இரண்டு தொடுதலில் அதை அனுப்பிவிட வேண்டும். தன் இடத்தை விட்டு அலையக்கூடாது. வலப்பக்கத்தில் குறையாக இருந்த ஒவ்வொன்றும் நடுவில் குறையாகவே தெரியவில்லை. 1990 டிசம்பரில் முதல் அணியில் ஆடினார். 1991 முதல் 1994 வரை பார்சிலோனா தொடர்ந்து நான்கு லீக் பட்டங்களை வென்றது. 1992-ல் வெம்ப்ளியில் சாம்ப்டோரியாவைக் கூடுதல் நேரத்தில் 1-0 என்று வென்று முதல் ஐரோப்பியக் கோப்பையை எடுத்தபோது கார்டியோலாவுக்கு 21 வயது. இடம் மாறாமல் போயிருந்தால் இந்தப் பெயர் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது என்பது மிகையான ஊகம் இல்லை.

குரைஃபின் அந்த அணியில் இன்னொரு பாடமும் இருந்தது. நடு முன்களத்தில் ஆட வேண்டிய மைக்கேல் லௌட்ரப் கோலுக்கு முன்னால் நிற்காமல் பின்னுக்கு இறங்கிவருவார். ஓரங்களில் ஆடுபவர்கள் அகலமாகவே நிற்பார்கள். லௌட்ரப் காலிசெய்த இடத்துக்குள் ஸ்டாய்ச்கோவோ பக்கேரோவோ பாய்வார்கள். நாலாம் நம்பரில் நின்ற இளைஞன் இதையெல்லாம் பின்னாலிருந்து, நல்ல இருக்கையிலிருந்து பார்ப்பதுபோல், பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தான்.

2001-ல் பார்சிலோனாவை விட்டு இத்தாலி, கத்தார் என்று சுற்றி, கடைசியாக மெக்சிகோவின் டொராடோஸ் கிளப்பில் ஆடப்போனார். அங்கே போனது சம்பளத்துக்காக அல்ல. பயிற்சியாளர் ஹுவான் மனுவேல் லியோவிடம் பாடம் கேட்பதற்காக. 2006 உலகக் கோப்பையின்போது எல் பாயிஸ் நாளிதழில் பத்தி எழுதினார். ரிகார்டோ லா வோல்பேயின் மெக்சிகோ அணி பின்வரிசையிலிருந்து பந்தை எப்படி வெளியே கொண்டுவருகிறது என்று அவர் எழுதியது இன்றும் பயிற்சியாளர்களிடையே பேசப்படுகிறது. அதே ஆண்டு அர்ஜென்டினாவில் மார்செலோ பியெல்சாவின் பண்ணைவீட்டுக்குப் போய் 11 மணிநேரம் பேசிக்கொண்டிருந்தார். 2007-ல் பார்சிலோனாவின் இரண்டாம் அணியை, ஸ்பெயினின் நான்காம் அடுக்கில் கிடந்ததை, எடுத்து ஒரே பருவத்தில் மேலே ஏற்றினார். செர்ஹியோ புஸ்கெட்ஸ், பெட்ரோ இருவரும் அந்த அணிப் பையன்கள். மறு ஆண்டு முதல் அணி. ரொனால்டினோவும் டெக்கோவும் வெளியேற்றப்பட்டார்கள். முதல் லீக் ஆட்டத்திலேயே நுமான்சியா என்ற சின்ன அணியிடம் 0-1 தோல்வி. இரண்டாவது ஆட்டம் சமன்.

அந்தப் பருவம் எப்படி முடிந்தது என்பது ஊரறிந்தது. அதன் உச்சமான ஓர் இரவைப் பாத்திரப் பிரிவினைக் கோணத்தில் பார்த்தால் சில விஷயங்கள் புதிதாகத் தெரியும்.

2009 மே 2. ரியல் மாட்ரிட்டின் பெர்னபேயூ மைதானம். பார்சிலோனா நான்கு புள்ளிகள் முன்னிலை. அந்த ஆட்டத்தையும் சேர்த்து லீக் முடிய ஐந்தே ஆட்டங்கள். முந்தைய இரவு கார்டியோலா மாட்ரிட்டின் பழைய ஆட்டப் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாட்ரிட்டின் நடுகள ஆட்டக்காரர்களான காகோவும் லாசானா தியாராவும் சாவியையும் இனியஸ்டாவையும் நெருக்க முன்னேறுகிறார்கள். சென்டர்பேக்குகளான கன்னவாரோவும் மெட்ஸெல்டரும் தங்கள் கோலை நோக்கிப் பின்னால் தங்கிவிடுகிறார்கள். இரண்டு வரிசைக்கும் நடுவே பெரிய வெற்றிடம். கார்டியோலா இரவோடிரவாக மெஸ்ஸியைத் தொலைபேசியில் அழைத்து, வரவழைத்து, திரையில் அந்த வெற்றிடத்தைக் காட்டினார். வழக்கம்போல் வலது ஓரத்தில் தொடங்கு. சைகை கிடைத்ததும் அங்கே வந்துவிடு. உதவிப் பயிற்சியாளருக்குக்கூட மறுநாள்தான் சொன்னாராம்.

மாட்ரிட் முதலில் கோல் போட்டது. பிறகு மெஸ்ஸி நடுவுக்கு வந்தார். அதுவரை நடுவில் நின்ற சாமுவேல் எட்டோ வலது ஓரத்துக்குப் போனார். கன்னவாரோவுக்கும் மெட்ஸெல்டருக்கும் அன்று முழுக்க ஒரே கேள்வி. மெஸ்ஸியைத் தொடர்ந்து முன்னேறுவதா, இருந்த இடத்திலேயே இருப்பதா? முன்னேறினால் முதுகுக்குப் பின்னால் ஹென்றி பாய்வார். இருந்தால் மெஸ்ஸி, சாவி, இனியஸ்டா, யாயா டூரே என்று நடுகளத்தில் நால்வர் சேர்ந்துவிடுகிறார்கள். மாட்ரிட்டுக்கு அங்கே ஆள் போதாது. ஆட்டம் 6-2. ஹென்றி இரண்டு, மெஸ்ஸி இரண்டு, பின்வரிசையிலிருந்து புயோலும் பிக்கேயும் ஆளுக்கொன்று.

எட்டோ அன்று கோல் போடவில்லை. அந்தப் பருவத்தில் மொத்தம் 36 கோல் அடித்த ஸ்ட்ரைக்கர் அவர். தன் இடத்தை விட்டு ஓரத்துக்குப் போய், ஃபுல்பேக் ஹைன்ஸேயைக் கட்டிவைக்கும் வேலையைச் செய்தார். 6-2 பற்றி எழுதியவர்கள் எல்லாரும் மெஸ்ஸியின் புதிய பாத்திரத்தைப் பற்றி எழுதினார்கள். எட்டோவின் புதிய பாத்திரம் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஒன்றில்லாமல் மற்றொன்று இல்லை. மூன்றரை வாரம் கழித்து ரோமில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரான ஐரோப்பிய இறுதியாட்டத்தில் அதே வலப்பக்கத்திலிருந்து உள்ளே வெட்டிப் பத்தாவது நிமிடத்தில் முதல் கோலை அடித்தவர் எட்டோதான். மெஸ்ஸி, எட்டோ, ஹென்றி மூவரும் சேர்ந்து அந்தப் பருவத்தில் அடித்தது சரியாக 100 கோல்.

நடு முன்களத்தில் ஆடுபவரைப் பின்னுக்கு இறக்கும் இந்த உத்தி கார்டியோலாவின் கண்டுபிடிப்பு இல்லை. 1953 நவம்பர் 25 அன்று வெம்ப்ளியில் ஹங்கேரியின் நந்தோர் ஹிதெக்குட்டி, முதுகில் 9 என்ற எண்ணோடு, நடு முன்களத்திலிருந்து பின்னுக்கு இறங்கி நின்றார். இங்கிலாந்தின் ஹாரி ஜான்ஸ்டன் அவரைத் தொடர்வதா வேண்டாமா என்று கடைசிவரை முடிவெடுக்க முடியாமல் தவித்தார். ஹங்கேரி 6-3, ஹிதெக்குட்டி மூன்று கோல். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் சட்டை எண்ணே ஒருவருடைய வேலையைச் சொல்லிவிடும். 9 என்றால் 5 அவரைப் பிடிக்க வேண்டும். ஹங்கேரியர்களுக்குத் தங்கள் பாத்திரங்களில் எந்தக் குழப்பமும் இல்லை. குழப்பம் முழுவதும் எதிரணிக்கு. தெளிவான பாத்திரம் என்றால் எதிரிக்கும் தெளிவாகத் தெரிகிற பாத்திரம் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஆட்டம் நல்ல மருந்து.

2009 கோடையில் பார்சிலோனா எட்டோவைக் கொடுத்து, மேலே பெரும் பணமும் கொடுத்து, இண்டர் மிலானிலிருந்து ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச்சை வாங்கியது. தொடக்கம் அமர்க்களம். நவம்பர் கடைசியில் மாட்ரிட்டை 1-0 என்று வென்ற ஒரே கோல் அவருடையது. பிறகு மெஸ்ஸி நடுவுக்கு வர விரும்பினார். கார்டியோலாவும் அதையே விரும்பினார். ஆறடிக்கு மேல் நல்ல உயரம் வளர்ந்த இப்ராஹிமோவிச் நிற்கும் இடமும் அதே நடு. ஓர் இடத்துக்கு இரண்டு பேர். இப்ராஹிமோவிச் ஓரத்தில் நின்று பிறருக்கு வழிவிடுகிறவர் இல்லை. நிற்கச் சொன்னாலும் அவரிடம் அது எடுபடாது. அமைப்பே தனக்கு எதிராக மாற்றப்பட்டது என்று 2011-ல் வந்த தன்வரலாற்றில் அவர் கார்டியோலாவைக் கடுமையாகச் சாடியிருக்கிறார். அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அவரிடம் சொல்லி வாங்கிய வேலை ஒன்று, கடைசியில் கிடைத்தது வேறு.

2010 ஏப்ரலில் ஐரோப்பிய அரையிறுதியில் பார்சிலோனா இண்டரிடம் வீழ்ந்தது. இரண்டு ஆட்டங்களிலும் இப்ராஹிமோவிச் ஏறக்குறைய ஒரு மணிநேரத்தில் வெளியே எடுக்கப்பட்டார். எதிரணியில் இருந்தவர் எட்டோ. பார்சிலோனாவில் நடந்த ஆட்டத்தில் 28-வது நிமிடத்திலேயே இண்டரின் தியாகோ மோத்தா சிவப்பு அட்டை வாங்க, ஜோசே மொரின்ஹோவின் பத்துப் பேரில் ஒருவராக எட்டோ கிட்டத்தட்ட ஃபுல்பேக்காகவே நின்று தற்காத்தார். கோப்பை இண்டருக்குப் போனது. உலகின் தலைசிறந்த ஸ்ட்ரைக்கர்களில் ஒருவர், அடுத்தடுத்த இரண்டு பருவங்களில், இரண்டு வேறுபட்ட பயிற்சியாளர்களுக்காகத் தன் இடத்தை விட்டுக்கொடுத்து இரண்டு முறை ஐரோப்பியக் கோப்பையை வென்றார். கால்பந்தின் நினைவில் அவருக்கு உரிய இடம் இன்னும் கொடுக்கப்படவில்லை.

அடுத்து வந்த டேவிட் வியா விஷயத்தில் கார்டியோலா தெளிவாக இருந்தார். 2010 உலகக் கோப்பையில் ஐந்து கோல் அடித்த ஸ்ட்ரைக்கர். ஆனால் வாங்கும்போதே அவருக்கான இடம் இடது ஓரம். வலது ஓரம் பெட்ரோவுக்கு. நடு மெஸ்ஸிக்கு. 2010 நவம்பர் 29-ல் மாட்ரிட்டை 5-0 என்று அடித்த இரவில் வியாவின் இரண்டு கோல்களும் மூன்று நிமிட இடைவெளியில் வந்தவை: மெஸ்ஸி பின்னுக்கு இறங்கிப் பந்தை வாங்கினார், சென்டர்பேக்குகள் தடுமாறினார்கள், வியா ஓரத்திலிருந்து குறுக்காகப் பாய்ந்தார். மற்ற 89 நிமிடம் எங்கே நின்றாலும் அந்த ஓர் ஓட்டத்துக்காகத்தான் நிற்கிறோம் என்பது வியாவுக்குப் புரிந்திருந்தது.

2013-ல் மியூனிக் போனபோது கார்டியோலா தன் எண்ணத்தைத் தரையிலேயே வரைந்துவிட்டார். பயர்ன் அணியின் பயிற்சி மைதானத்தில் கோலுக்குக் கோல் நெடுக்காகக் கோடுகள் போட்டு ஐந்து பட்டைகளாகப் பிரித்தார்: இரண்டு ஓரம், ஒரு நடு, ஓரத்துக்கும் நடுவுக்கும் இடையில் இரண்டு. ஒரே நெடுக்குப் பட்டையில் இரண்டு பேருக்கு மேல் இருக்கக்கூடாது; ஒரே குறுக்கு வரிசையில் மூன்று பேருக்கு மேல் இருக்கக்கூடாது. ஒருவர் இடம் மாறினால் மற்றொருவர் அந்த இடத்தை நிரப்ப வேண்டும். ஆள் மாறலாம், இடம் காலியாகக்கூடாது.

இதற்குப் பின்னால் எளிய கணக்கு இருக்கிறது. பெரிய மைதானங்களின் அகலம் 68 மீட்டர். ஐந்து பட்டையிலும் ஐந்து பேர் நின்றால் நான்கு தற்காப்பாளர்கள் ஆளுக்கு 17 மீட்டர் காக்க வேண்டும். எதிரணியின் வலது ஃபுல்பேக்கை எடுத்துக்கொள்வோம். கோட்டில் நிற்கும் விங்கரை நோக்கி அவர் போனால் அவருக்கும் சென்டர்பேக்குக்கும் நடுவே வாசல் திறக்கும். அந்த இடைப்பட்டையில் ஒருவர் ஓடி நுழைவார். போகாமல் உள்ளேயே இருந்தால் விங்கர் தனியாக நின்று பந்தை வாங்கிச் சாவகாசமாகத் திரும்புவார். இரண்டில் எதைச் செய்தாலும் தவறு. ஆனால் விங்கர் பொறுமையிழந்து பத்து மீட்டர் உள்ளே வந்துவிட்டால் ஃபுல்பேக்குக்கு வேலை மிச்சம்: ஒரே இடத்தில் நின்று இருவரையும் காக்கலாம். கார்டியோலா ஹென்றி மீது கொதித்ததன் காரணம் இந்தப் பத்து மீட்டர்தான்.

பயர்னில் ராபனும் ரிபெரியும் இயல்பாகவே ஓரத்து ஆட்கள். அதனால் அங்கே பேரம் வேறு இடத்தில் நடந்தது. உலகின் சிறந்த ஃபுல்பேக்குகளில் ஒருவரான பிலிப் லாமை நடுகளத்துக்கு இழுத்தார். மற்ற ஃபுல்பேக்குகளையும் கோட்டோரமாக ஓடவிடாமல் நடுவுக்குள் வரச்செய்தார். விங்கருக்குப் பந்து போகும் பாதை திறந்தது. பந்து பறிபோனால் நடுவில் தடுக்க ஆளும் இருந்தது. 2014-ல் ரியல் மாட்ரிட்டிடம் சொந்த மண்ணில் 0-4 என்று நொறுங்கியபோது, அந்தக் கட்டுக்கோப்பைக் கைவிட்டு நான்கு பேரை முன்னால் நிறுத்தி ஆடியது தன் தவறு என்று கார்டியோலாவே ஒப்புக்கொண்டார்.

மான்செஸ்டர் சிட்டியில் முதல் பருவம் ஒரு கோப்பையும் இல்லை. இரண்டாவது பருவம், 2017-18, இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் அதுவரை யாரும் தொடாத 100 புள்ளிகள், 106 கோல்கள். இடது கால் லெராய் சனே இடது கோட்டில், வலது கால் ரஹீம் ஸ்டெர்லிங் வலது கோட்டில். இடைப்பட்டைகளில் டேவிட் சில்வாவும் கெவின் டி பிராய்னவும். சனே 15 கோல்களுக்குப் பந்து கொடுத்தார், டி பிராய்ன 16. ஸ்டெர்லிங் லீக்கில் 18 கோல். அவற்றில் பல, எதிர்ப்பக்கத்திலிருந்து தரையோடு வந்த பந்தைக் கோல்கம்பத்துக்கு அருகே தட்டிவிட்டவை. சிலர் அதைச் சுலபமான கோல் என்று இளக்காரமாகப் பேசினார்கள். ஒவ்வொரு முறையும் சரியான நேரத்தில் அங்கே இருப்பதில் சுலபம் எதுவும் இல்லை.

2021 மே 29, போர்ட்டோ. சிட்டியின் முதல் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம், எதிரில் செல்சி. அந்தப் பருவம் முழுக்க ஏறக்குறைய எல்லா ஆட்டங்களிலும் தற்காப்பு வரிசைக்கு முன்னால் ரோட்ரியோ ஃபெர்னாண்டின்யோவோ நின்றிருந்தார்கள். அன்று இருவரும் வெளியே பெஞ்சில். அந்த இடத்தில் நின்றவர் இல்காய் குண்டோகன். அந்தப் பருவத்தில் பெனால்டி பகுதிக்குள் தாமதமாக நுழைந்து கோல் போடுவதையே தொழிலாகக் கொண்டு அணியில் அதிக கோல் அடித்திருந்தவர். அவரை அந்த வேலையிலிருந்து எடுத்து, அவருக்கு அந்த ஆண்டு பழக்கமில்லாத வேலையைக் கொடுத்ததில் ஒரே அடியில் இரண்டு பாத்திரங்கள் மங்கின. 42-வது நிமிடத்தில் செல்சியின் டீமோ வெர்னர் இடப்பக்கம் ஓடி ஒரு சென்டர்பேக்கை இழுத்துக்கொண்டு போனார். மேசன் மவுண்ட் நடுவில் திறந்த பாதையில் பந்தை அனுப்பினார். காய் ஹாவர்ட்ஸ் கோல் போட்டார். 1-0. வெர்னர் செய்தது அசல் கார்டியோலா பாடம். 64-வது நிமிடத்தில் ஃபெர்னாண்டின்யோ உள்ளே வந்தபோது காலம் கடந்திருந்தது. நாலாம் நம்பராக வளர்ந்தவர், வாழ்க்கையின் முக்கியமான ஆட்டம் ஒன்றில் நாலாம் நம்பர் இல்லாமல் களமிறங்கினார். இதற்கு இன்றுவரை திருப்தியான விளக்கம் கிடையாது.

இரண்டு ஆண்டு கழித்து இஸ்தான்புல்லில் அதே கோப்பையை வென்ற அணியில் பாத்திரங்கள் கண்ணாடிபோல் இருந்தன. சென்டர்பேக் ஜான் ஸ்டோன்ஸ், பந்து கையில் இருக்கும்போது நடுகளத்துக்கு ஏறி ரோட்ரிக்குப் பக்கத்தில் நிற்பார். பின்னால் மூவர், அவர்களுக்கு முன் இருவர், பிறகு ஐவர். 1925-க்குப் பிறகு ஹெர்பர்ட் சாப்மன் ஆர்சனலில் நிறுவிய அமைப்பை இது நினைவூட்டுகிறது என்று பழைய ரசிகர்கள் குறும்பாகச் சொன்னார்கள். நடு முன்களத்தில் எர்லிங் ஹாலண்ட். 2022 ஆகஸ்டில் போர்ன்மவுத்துக்கு எதிரான ஆட்டத்தில் அவர் பந்தைத் தொட்டது எட்டே முறை. பத்திரிகைகள் கவலைப்பட்டன, கார்டியோலா கவலைப்படவில்லை. அந்த லீக் பருவத்தில் ஹாலண்ட் 36 கோல் அடித்து அதுவரையிலான பிரீமியர் லீக் சாதனையை முறியடித்தார்.

இடது ஓரத்தில் ஜாக் கிரீலிஷ். 2021-ல் பத்துக் கோடி பவுண்டு கொடுத்து வாங்கப்பட்டவர். ஆஸ்டன் வில்லாவில் அவர்தான் கேப்டன். காலுறையை இறக்கிவிட்டுக்கொண்டு களமெங்கும் அலைந்து பந்தைக் கேட்டு வாங்கி ஆடுவார். சிட்டியில் முதல் லீக் பருவத்தில் அவர் அடித்தது மூன்று கோல். கோட்டில் நில். பந்து வந்தால் இழக்காதே. அவசரப்படாதே, நீ பந்தை வைத்திருக்கும் நேரத்தில் மற்றவர்கள் மூச்சுவிட்டுத் தங்கள் இடத்துக்கு வந்து சேரட்டும். இவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய ஆட்டக்காரரிடம் பணம் கொடுத்த காரணத்தையே விட்டுவிடச் சொல்வது வேடிக்கையாகத் தெரியலாம். இரண்டாவது பருவத்தில் அது பலித்தது, லீக், எஃப்.ஏ. கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றும் வந்தன.

இதற்கு நேரெதிரான பள்ளி ஒன்றும் உண்டு. பயிற்சியாளர் ஃபெர்னாண்டோ தினிஸ் நடத்திய பிரேசிலின் ஃப்ளுமினென்ஸி அணியில் பட்டை, கோடு எதுவும் இருந்ததில்லை. பந்து எங்கே இருக்கிறதோ அங்கே ஆட்டக்காரர்கள் குவிவார்கள், ஒரு பக்கக்கோட்டருகே ஏழெட்டுப் பேர்கூடச் சேர்வார்கள். குட்டிக்குட்டிப் பாஸ்களில் வழி பிறக்கும். 2023 நவம்பரில் மரக்கானாவில் போகா ஜூனியர்ஸை 2-1 என்று வென்று அவர்கள் லிபர்டடோரஸ் கோப்பையை முதல்முறை எடுத்தார்கள். அடுத்த மாதம் ஜெட்டாவில் கிளப் உலகக் கோப்பை இறுதியில் சிட்டி அவர்களை 4-0 என்று வென்றது. முதல் கோல் ஒரு நிமிடத்துக்குள். அதை வைத்து ஒரு பள்ளி உயர்ந்தது என்று தீர்ப்பெழுதுவது சரியில்லை. இரு அணிகளின் பணபலத்துக்கும் வயதுக்கும் ஒப்பே இல்லை. கவனிக்க வேண்டியது வேறு. அந்தக் கட்டற்ற அணியிலும் ஹெர்மன் கானோ என்ற ஸ்ட்ரைக்கர் பெரும்பாலும் குவியலுக்குள் வராமல் பெனால்டி பகுதியைச் சுற்றியே காத்திருந்தார். அந்த லிபர்டடோரஸ் தொடரில் அவர் அடித்தது 13 கோல். காத்திருக்கும் வேலை அங்கேயும் ஒருவருக்கு இருந்தது.

2024 செப்டம்பரில் ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் ரோட்ரியின் முழங்கால் தசைநார் கிழிந்தது. அடுத்த மாதம் ஊன்றுகோலோடு மேடையேறி அவர் பாலன் டி'ஓர் விருதை வாங்கினார். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் கடைசிக்குள் சிட்டி ஆடிய 13 ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே வெற்றி. முன்வரிசையில் அதே ஹாலண்ட், பின்வரிசையில் பெரும்பாலும் அதே முகங்கள். நடுவில் ஒருவர் இல்லாததால் விங்கருக்குப் போகும் பந்து ஒரு நொடி தாமதித்தது; ஃபுல்பேக் அதற்குள் அங்கே வந்துவிட்டார். நான்கு ஆண்டு தொடர்ந்து பட்டம் வென்ற அணி மூன்றாம் இடத்தில் முடிந்தது.

கிரீலிஷுக்கு அந்தப் பருவத்தில் இடமே அருகிப்போனது. 2025 ஆகஸ்டில் எவர்ட்டனுக்குக் கடனாகப் போனார். அங்கே முதன்முதலாகத் தொடக்க வரிசையில் இறங்கிய ஆட்டம், கிளப்பின் புதிய மைதானத்தில் பிரைட்டனுக்கு எதிராக. எவர்ட்டன் 2-0. இரண்டு கோலுக்கும் பந்து கொடுத்தவர் கிரீலிஷ். எவர்ட்டனிலும் அவர் ஆடியது இடது ஓரத்தில்தான். உள்ளே வரலாமா என்று மட்டும் அங்கே யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.